பின்னால் போக இடமில்லாத சந்து

போன வாரமும் ஒரு தம்பி வந்தான். கையில் ஜப்பான் கம்பெனியின் வழவழப்பான கேட்டலாக். "அண்ணே, இருக்கிறதிலேயே அகலமா எடுக்கிற லென்ஸ் எது?" என்றான். எதற்கு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் ஆகும் லென்ஸ் என்று ஒன்று இருந்தால் நான் ஏன் ராமநாதபுரத்தில் பெட்டி பெட்டியாகக் கண்ணாடியைச் சுமந்து இடுப்பை ஒடித்துக்கொண்டேன்?

ஸ்டூடியோ நடத்திய காலம் முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடையை மூடிய பிறகும் விடமாட்டேன் என்கிறீர்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதைப் படிக்கக் கொடுத்துவிட்டு நான் தூங்கப் போகலாம்.

அகல லென்ஸ் இடத்தை உண்டாக்கித் தராது. இருக்கிற இடத்தை அமுக்கியும் இழுத்தும் காட்டும். நடுவில் இருப்பது சிறுத்துப் போகும், ஓரத்தில் இருப்பது ஊதிப் போகும். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து ஸ்டூடியோக்காரர் அப்படி ஒரு லென்ஸை மாட்டி குரூப் போட்டோ எடுத்தார். ஓரத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர், ஆள் ஒல்லி. படத்தில் நெல் மூட்டை மாதிரி வந்துவிட்டார். திருத்திக் கொடு என்று படத்தை என்னிடம் கொண்டுவந்து, "ஏலே, நான் அந்தக் கல்யாணத்துல பந்திக்கே உக்காரலடா, எப்பிடிடா இம்புட்டுப் பெருத்தேன்?" என்று கத்தினார்.

அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அகல லென்ஸைப் போட்டுக் காமிராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் நேரான சுவர்கூடச் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த ஒரு சுவரால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்க இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஆண்கள் கொழும்பில் வியாபாரம் பார்ப்பார்கள், பெண்கள் ஊரில் இருப்பார்கள். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் தாய் வீட்டார் ஒரு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். நகை குறைந்தால் பேசிக்கொள்ளலாம். வீடு இல்லை என்றால் பேச்சே இல்லை.

கணவர் கொழும்பில் இருந்த மரியம் பீவிக்கு ஒரே மகள். நிக்காஹ் பேசியாகிவிட்டது. மகளுக்கென்று தன் வீட்டின் மேலே ஒரு மாடி எழுப்பினார். எதிர்வீட்டில் இருந்தவர் ஜமால். மாடி வந்தால் தன் முற்றத்துக்குக் கடல் காற்று வராது என்று அவருக்குக் கடுப்பு. காற்றுக்காக ஒரு வீட்டை இடிக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால், புதுச் சுவர் சந்துப் பக்கம் சாய்கிறது, எங்கள் தலையில் விழப் போகிறது என்று தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார். கூடவே ஒரு போட்டோ.

அந்தப் போட்டோவை வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்திருந்தார். சந்தின் நடுவில் நின்றுகொண்டு, அகல லென்ஸை மாட்டி, அண்ணாந்து எடுத்த படம். புதுச் சுவர் படத்தின் ஓரத்தில் இருந்தது. இப்போதே விழுந்துவிடும் போலச் சந்தின் மேல் கவிழ்ந்து நின்றது. அந்தப் படத்தில் எதிர்வீட்டையும் விட்டு வைத்திருந்தால் அதுவும் இந்தப் பக்கம் கவிழ்வது தெரிந்திருக்கும். அந்தப் பாதியைக் கத்தரித்துவிட்டார்கள்.

அலுவலகம் அதை நம்பியது. கொத்தனாரைக் கூட்டிவந்து கயிற்றில் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தார்கள். மரியம் பீவியின் கொத்தனார் நேர் என்றார், ஜமாலின் கொத்தனார் சாய்வு என்றார். அதிகாரி நேரில் வந்திருந்தால் ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரத்தில் முடிகிற வேலை. அவர் வரவில்லை. ஆள் பொய் சொல்வான், படம் சொல்லாது என்று அவர் சொன்னாராம். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவன் சொல்கிறேன், படத்தைப் போலப் பொய் சொல்ல எந்த மனுஷனாலும் ஆகாது. அடுத்த விசாரணைக்குள் மறுப்பு எதுவும் காட்டாவிட்டால் சுவரை இடிக்க உத்தரவு என்று ஆகிவிட்டது.

மரியம் பீவியின் அண்ணன் காசிம் மரைக்காயர் என் கடைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதிதான் கேட்பார். மேஜையில் ஒரு பட்டுத் துணிப் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உள்ளே பெரிய அகல லென்ஸ்.

"மச்சான் கொழும்புல இருந்து அனுப்பியிருக்காக தம்பி. அந்த வெளியூர்ப் போட்டோக்காரன் வச்சிருந்த லென்ஸ விட இது அகலம். அவன் அதுல சாய்ச்சான்ல, நீங்க இதுல நிமித்திருங்க."

"மரைக்காயரே, லென்ஸ் சுவரை நிமிர்த்தாது."

"சாய்க்கத் தெரிஞ்சதுக்கு நிமித்தத் தெரியாதா? அவன் இந்தப் பக்கம் சாச்சா நீங்க காமிராவ அந்தப் பக்கம் சாய்ங்க. சரியாப் போகும்."

நானும் ஒரு பொய்ப் படம் எடுத்து அந்தப் பொய்ப் படத்தோடு மோத விட வேண்டும். இதற்கு மூன்று கடல் தாண்டி வந்தது போல ஒரு லென்ஸ். இருந்தாலும் வந்த சாமானைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று வாலிநோக்கத்துக்கு பஸ் ஏறினேன். அவரும் கூடவே வந்தார்.

நான் அகல லென்ஸைச் சோதிப்பது உப்பளத்தில்தான். பாத்திகளின் வரப்புகள் நூல் பிடித்தது மாதிரி நீளவாக்கிலும் குறுக்காகவும் ஓடும். உப்புக் குவியலின் மேல் காமிராவை நிறுத்தி, பின்னால் படம் விழும் தேய்த்த கண்ணாடியில் பார்த்தால் லென்ஸின் யோக்கியதை தெரிந்துவிடும். நடுவில் எல்லாம் நேராக இருந்தது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நடுவில் பார்த்தால் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். ஓரத்தில் இருந்த வரப்புகள் சட்டி விளிம்பு போல வளைந்திருந்தன. கறுப்புத் துணிக்குள் மரைக்காயரின் தலையையும் இழுத்து விட்டுக் காட்டினேன்.

"அது உப்பளத்துக்காரன் வரப்பு தம்பி. அவன் கோணலாக் கட்டுனா லென்ஸு என்ன செய்யும்?" என்றார்.

அப்படியே அவரைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடலும் வானமும் சேரும் கோட்டைக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் வைத்தேன். வில் மாதிரி வளைந்து நின்றது.

"இதை யார் கோணலாகக் கட்டினார்கள், மரைக்காயரே?"

வெகு நேரம் துணிக்குள்ளேயே இருந்தார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொழும்புல நல்ல கடையிலதான் வாங்கியிருப்பாக" என்றார். லென்ஸைப் பட்டுத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக மரியம் பீவி வீட்டுச் சந்துக்குப் போனோம். ஆட்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் போக வேண்டும். என்னுடைய பெட்டிக் காமிராவில் லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே தூக்கலாம், காமிராவைச் சாய்க்க வேண்டியதில்லை. தூக்கினேன். சுவரின் உச்சி வருவதற்குள் லென்ஸின் வெளிச்சம் எட்டாமல் படத்தின் மூலைகள் இருண்டுவிட்டன. இன்னும் பின்னால் போகலாம் என்றால் சந்து திரும்பிவிடுகிறது. எனக்கு வேண்டியது பெரிய லென்ஸ் இல்லை. அந்த மாடியின் உயரத்தில், கொஞ்சம் தள்ளி, கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.

அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. எதிர்வீடு சந்தின் முனையில் வளைந்து நின்றது. அதன் மொட்டைமாடியின் கடைசியில் படிக்கட்டு அறை. அதன் வாசலில் நின்றால் சந்தை நீளவாக்கில் பார்க்கலாம். புதுச் சுவரின் விளிம்பு கத்தி முனை போலத் தெரியும், சாய்வு இருந்தால் மறைக்கவே முடியாது. ஆனால் அது ஜமாலின் வீடு. போதாததற்கு அந்த ஊரில் மொட்டைமாடி பெண்கள் புழங்கும் இடம், வெளி ஆண் கால் வைக்க முடியாது.

மரியம் பீவியின் வீட்டு வாசலில் நின்று நான் இதைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அவர், "சரி தம்பி, எங்க தலையில எழுதுனது அவ்வளவுதான்" என்றார். காசிம் மரைக்காயர் லென்ஸைக் காட்டி மறுபடியும் ஆரம்பித்தார். என் பொறுமை போய்விட்டது. சாய்ப்பதற்கு என்னை விடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது. "மாமி, போட்டோக்காரவுகள எங்க மாடிக்கு வரச் சொல்லுங்க."

அது ஜமாலின் மனைவி ஹாஜரா. ஆண்கள் மனுவும் மறுமனுவுமாக அலைந்துகொண்டிருக்க, இந்தப் பெண்கள் எப்போதும் போல ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ புள்ள, ஒம் மாப்பிள்ளை ஜமாலுக்குத் தெரிஞ்சா?" என்றார் மரியம் பீவி.

"நான் அந்த மாடியிலதான மொளகா காயப் போடுறேன். விழுற சுவத்துக்குப் பக்கத்துலயா போயி காயப் போடுவேன்? எனக்குத் தெரியாதா அது சாயுதா இல்லையான்னு?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். அப்போது வரச் சொன்னார் ஹாஜரா. போனேன். மரியம் பீவியும் இன்னும் சில பெண்களும் ஹாஜராவுடன் கீழே பின்கட்டில் கூடி உட்கார்ந்துகொண்டார்கள். நான் வெளிப்படிக்கட்டு வழியாக மேலே ஏறினேன். தொழுகை முடிந்து ஜமால் வருவதற்குள் இறங்கியாக வேண்டும். அடுத்தவன் வீட்டு மாடியில், பெண்கள் இருக்கும் வீட்டில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி மாட்டினால் நான் என்ன சொன்னாலும் எவன் கேட்பான்?

சாதாரண லென்ஸே போதும் என்று ஆகிவிட்டது. படிக்கட்டு அறைக்குள்ளே காமிராவை மட்டமாக நிறுத்தினேன். கொத்தனாரிடம் வாங்கி வந்த தூக்குக்குண்டைப் படிக்கட்டு அறையின் கதவு நிலையிலிருந்து தொங்கவிட்டேன், கயிறும் சுவர் விளிம்பும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று. கடல் காற்று. குண்டு கோயில் மணி நாக்கு மாதிரி ஆடியது. ஆடுகிற கயிறு படத்தில் புகையாகத்தான் விழும். கையால் பிடித்து நிறுத்துவேன், விட்டவுடன் ஆடும். எந்தக் காற்றுக்காக அந்த மனிதர் மனு கொடுத்தாரோ அந்தக் காற்றை அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு புத்தி வந்து, உள்படிக்கட்டில் நின்று கீழே குரல் கொடுத்துத் தண்ணீர் கேட்டேன். ஒரு பானை நிறையத் தண்ணீர் படியில் வந்து உட்கார்ந்தது, கொண்டுவந்த கையை நான் பார்க்கவில்லை. பானையைக் கயிற்றுக்கு அடியில் வைத்து, குண்டைத் தண்ணீருக்குள் இறக்கினேன். அடங்கியது. படத்தை எடுத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

இருட்டறையில் பிரிண்டு மேலே வந்தபோது எனக்கே மூச்சு வந்தது. கயிறும் சுவர் விளிம்பும் தண்டவாளம் போல ஒன்றை ஒன்று ஒட்டி மேலே போயின. சுவர் நூல் பிடித்தது போல நேர்.

ஆனால் படத்தின் இரண்டு ஓரத்திலும் அந்தக் கதவு நிலை இருந்தது. பர்மாத் தேக்கில் திராட்சைக் கொடி செதுக்கிய நிலை, ஊரில் இரண்டாவது கிடையாது. பார்க்கிற யாருக்கும் இது யார் வீட்டு மாடி என்று தெரிந்துவிடும். நிலையை வெட்டினால் ஹாஜரா தப்பிப்பார். ஆனால் கயிறு எதிலிருந்து தொங்குகிறது, யார் பிடித்துச் சாய்த்தார்கள் என்று ஜமால் கேட்டால் பதில் இருக்காது. வெட்டாவிட்டால் மரியம் பீவியின் வீடு நிற்கும், ஹாஜராவின் வீட்டில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

காசிம் மரைக்காயருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. "வெட்டாதீக தம்பி, இதான சாட்சி!" என்று குதித்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாட்டிக்கொள்ளப் போவது அவர் இல்லையே. தம்பிகளா, லென்ஸ் எது, வெளிச்சம் எவ்வளவு என்றெல்லாம் யாரும் கற்றுக்கொடுப்பார்கள். படத்தில் யார் அகப்படுகிறார்கள் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அகப்படுகிறவரைக் கேட்காமல் நாம் வெட்டவும் கூடாது, விடவும் கூடாது. பிரிண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

கதவுக்குப் பின்னால் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஹாஜரா கேட்டார், "வெட்டினா கல்யாணம் நடக்குமா அண்ணே?"

"உறுதியாகச் சொல்ல முடியாதும்மா."

"அப்ப வெட்டாதீக. யாரு உள்ள விட்டதுன்னு கேட்டா வீட்டுக்காரி விட்டான்னு சொல்லுங்க."

விசாரணையில் அதிகாரி இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜமால் எட்டிப் பார்த்துவிட்டார்.

"சார், இது எங்க வீட்டு நிலை! எங்க வீட்டு மாடி!"

"உங்க வீட்டு மாடிதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"இந்தக் கொடி வேற எங்கன சார் இருக்கு? எங்க மாடியேதான்!"

"அப்ப உங்க மாடியில இருந்து பாத்தா சுவரு இப்படித்தான் நேராத் தெரியுமா?"

"நான் மாடிக்குப் போறதில்ல சார். அது பொம்பளைக பொழங்குற இடம்" என்றார் ஜமால்.

பிறகுதான் அவருக்குக் கோபம் என் பக்கம் திரும்பியது. "யாரக் கேட்டுய்யா எங்க வீட்டுல ஏறுன?"

"வீட்டுக்குச் சொந்தக்காரரைக் கேட்டுத்தான் ஏறினேன்."

"சொந்தக்காரன் நான் இங்கன நிக்கிறேன்!"

"வீடு உங்க பேர்லயா இருக்கு?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

காசிம் மரைக்காயரால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "அவுக பெஞ்சாதி பேருல சார். எங்க ஊருல வீடெல்லாம் பொம்பளப் புள்ளைகளுக்குத்தான்" என்றார். அதிகாரி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு மனுவின் மேல் எழுதினார். இடிக்க வேண்டியதில்லை என்று முடிந்தது.

மரைக்காயர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. பொய்ப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஜமாலே அதை நம்பியிருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போனால் ஹாஜராவின் கதி என்ன? மறுநாளே தூக்குக்குண்டை மறந்து வைத்துவிட்டேன் என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மரியம் பீவியின் வீட்டில் நிக்காஹுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஹாஜராவுக்கு ஆள் அனுப்பினார்கள். எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. பின்னால் ஹாஜராவின் குரல்.

"என்னம்மா, வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்றேன்.

"கோவந்தான் அண்ணே. நேத்துல இருந்து பேசல. ஆனா சோத்து நேரத்துக்கு வந்து உக்காந்துட்டாக, வேற எங்கன போவாக?"

"இப்போது எங்கே?"

"மாடியில நிக்கிறாக. சுவரு சாஞ்சிருக்கா இல்லையான்னு இன்னைக்குத்தான் மொத மொதலாப் பாக்குறாக."